உலகமயம் நம் சாமிகளை என்ன செய்கிறது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதுகலை சமூகவியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "உலகமயமாக்கலால் மதம் பலவீனமாகும் என்று ஒரு பாடத்தில் வருகிறது. உலகமயமாக்கலுக்கு எதிராக மதம் இன்னும் இறுகும் என்று அடுத்த பாடத்தில் வருகிறது. எங்கள் ஊரைப் பார்த்தால் இரண்டுமே சரியாகப் படவில்லை. மதுரையை வைத்து இதை எப்படிப் புரிந்துகொள்வது?"

தம்பி, உங்களுக்குச் சரியாகப் படாததில் ஆச்சரியமில்லை. அந்த இரண்டு பாடங்களும் பக்தி கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் பார்க்கின்றன. பீட்டர் பெர்கர் என்ற பெரிய சமூகவியலாளர், 21ஆம் நூற்றாண்டு வரும்போது மதநம்பிக்கை உள்ளவர்கள் சின்னச் சின்னக் கூட்டமாக ஒதுங்கிப் போயிருப்பார்கள் என்று 1968ல் சொன்னார். 1999ல் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டு, உலகம் எப்போதும் போல மதப்பிடிப்போடுதான் இருக்கிறது, சில இடங்களில் முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது என்று எழுதினார். சித்திரா பௌர்ணமி அன்று வைகைக் கரையில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரின் வழிபாட்டைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதைத்தான் உலகமயம் மாற்றுகிறது. திருவிழா எந்தத் தேதியில், கிடா வெட்டலாமா கூடாதா, கோபுரம் கட்டலாமா, எது மதம், எது வெறும் ஊர் வழக்கம்: இதையெல்லாம் தீர்மானிக்கிறவர் ஊருக்குள் இருக்கிறாரா, கடலுக்கு அப்பால் இருக்கிறாரா? இதைக் கேட்டுப் பாருங்கள். மதுரையில் 2,000 வருஷமாக நடப்பது கொஞ்சம் தெளிவாகும்.

2,000 வருஷம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் வருகின்றன. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், துணி வணிகர், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகர் என்று வரிசையாகத் தொழில்காரர்கள். பக்கத்தில் மாங்குளம் மலையில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவே கொடை கொடுத்திருக்கிறது. வடக்கே பிறந்த ஒரு மதம், வணிகக் கூட்டத்தின் சாத்து வண்டிகள் போன பாதையிலேயே வந்து, வியாபாரிகளின் காசில் நம் மலைகளில் தங்கியது. வாணிபப் பாதையும் மதப் பாதையும் ஒன்றாகவே ஓடுகின்றன என்று இன்றைக்கு ஆய்வுக் கட்டுரைகள் சொல்வதை அந்தப் பாறையே எழுதி வைத்திருக்கிறது.

இஸ்லாமும் அப்படித்தான் வந்தது. காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசல், ஏமனிலிருந்து வந்த காஜி சையது தாஜுதீன் அவர்களுக்குப் பாண்டிய மன்னர் கொடுத்த நிலத்தில் எழுந்தது என்பது அங்குள்ளவர்களின் வழிவழிச் செய்தி. காலம் 13ஆம் நூற்றாண்டு. அடுத்த நூற்றாண்டில் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா மதுரைக்கு வருகிறார். அவர் டெல்லியில் மணந்த பெண், மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அசன் கானின் மகள். ஊரில் கொள்ளைநோய் பரவி ஜனங்கள் இரண்டொரு நாளில் செத்து விழுந்ததை அவர் எழுதியிருக்கிறார். மொராக்கோவில் பிறந்தவர் டெல்லியிலும் மாலத்தீவிலும் காஜி, அதாவது இஸ்லாமிய நீதிபதி, வேலை பார்த்துவிட்டு மதுரை அரண்மனைக்கு மாப்பிள்ளை உறவில் வந்து நிற்க முடிந்தது என்றால், 14ஆம் நூற்றாண்டின் இஸ்லாமிய உலகம் எவ்வளவு விரிந்து கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஆள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், நான் ராபர்ட் தெ நொபிலியைத்தான் காட்டுவேன். இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் 1577ல் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1606ல் மதுரைக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் பல வருஷமாக இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளைப் பார்த்தார், நல்ல மனிதர். ஆனாலும் மதுரைக்காரர் ஒருவர்கூட அவர் வழிக்கு வரவில்லை. ஏனென்றால் அன்றைய மதுரையில் கிறிஸ்தவர் ஆவது என்றால் பறங்கி, அதாவது வெள்ளைக்காரர், ஆவது. பறங்கியோடு சேர்ந்தால் சாதிசனம் ஒதுக்கிவிடும்.

நொபிலி செய்தது என்ன? கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். சந்தனம் இட்டார். மரக்கறிச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டார். பெர்னாண்டஸ் இருந்த வீட்டைவிட்டுத் தனியாகப் போய்க் குடிசை போட்டுக்கொண்டார். சிவதர்மர் என்ற பிராமண ஆசிரியரிடம் சமஸ்கிருதம் படித்தார். தமிழில் எழுதினார். தத்துவ போதகர் என்ற பெயரோடு வாழ்ந்தார். மதம் மாறியவர்கள் குடுமியையும் பூணூலையும் வைத்துக்கொள்ளலாம், சந்தனம் பூசலாம், அவையெல்லாம் சமூக வழக்கம், மதம் வேறு என்பது அவர் கட்சி.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இது கிறிஸ்தவமே இல்லை, வேஷம் என்று. வழக்கு கோவாவுக்குப் போனது, அங்கிருந்து ரோமுக்குப் போனது. மதுரையில் ஒருவர் நெற்றியில் சந்தனம் வைக்கலாமா என்ற கேள்விக்கு 1623ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பதில் எழுதினார்: வைக்கலாம், குடுமியும் பூணூலும் இருக்கலாம். 120 வருஷம் கழித்து, 1744ல், இன்னொரு திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இந்த மாதிரி விட்டுக்கொடுத்தல்களை இறுக்கிக் கட்டினார். அனுமதியும் ரோமிலிருந்து வந்தது, கட்டுப்பாடும் ரோமிலிருந்து வந்தது. மதுரையில் அந்த வழக்கங்களோடு வாழ்ந்த குடும்பங்களின் வாசலுக்கு இரண்டு முறையும் முடிவு மட்டும்தான் வந்து சேர்ந்தது.

நொபிலியை நான் மதிக்கிறேன். ஒரு மதம் புது ஊருக்குப் போனால் அந்த ஊரின் உடுப்பை உடுத்த வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாகச் செய்து காட்டியவர் அந்தக் காலத்தில் அபூர்வம். ஆனால் அவர் உடுத்தியது எந்த மதுரையின் உடுப்பு என்று கேட்காமல் இருக்க முடியாது. அது மேல்சாதி மதுரையின் உடுப்பு. கீழே தள்ளப்பட்டவர்களுக்குப் பின்னால் பண்டார சுவாமிகள் என்று தனியாகத் துறவிகளை ஏற்படுத்தினார்கள். சாதி வழக்கம்தானே, மதம் இல்லையே என்று விட்டதன் விலையைத் தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை கொடுக்கிறார்கள், தனி இடம், தனிக் கல்லறை என்று. "உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ப மாறிக்கொண்டது" என்று எங்காவது படித்தால் தம்பி, உடனே யாருடைய பண்பாடு என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியை மதுரையிலேயே உரக்கக் கேட்டவர் ஒருவர் உண்டு. அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லோரும் பறட்டை என்று அழைத்தவர். மேலைநாட்டுப் பாட்டும் வேண்டாம், கர்நாடக இசையும் வேண்டாம், ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டுப்புற மெட்டில் வழிபாடு நடக்கட்டும் என்றார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பதை அவர் இறையியலின் நடுவில் வைத்தார். ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்து லத்தீன் அமெரிக்காவில் எழுந்த விடுதலை இறையியல் உலகம் சுற்றி வந்த காலம் அது. வெளியிலிருந்து வந்த ஒரு சிந்தனையை, எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்று இங்குள்ளவர்களே முடிவு செய்து எடுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1834ல் வந்த அமெரிக்க மிஷனைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். பசுமலையில் 1881ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1948ல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் இன்று எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடங்கள். மதம் பரப்ப வந்த பாதையில் கல்விதான் அதிகம் நடந்தது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது திசையைத் திருப்பிப் பார்ப்போம். வந்தது போதும், போனது என்ன?

நம் ஜனங்கள் இரண்டு விதமாகக் கடல் கடந்தார்கள். தோட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் ஒரு வகை. படித்து வேலைக்குத் தனித்தனியாகப் போனவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு கூட்டமும் கூடவே கொண்டுபோன சாமிகள் வேறு வேறு.

கூட்டமாகப் போனவர்கள் மாரியம்மனையும் முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் 1932ல் ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரனை வைத்தார்கள். மரத்தடியிலும் தோட்ட எல்லையிலும் சூலம் நட்டு வைத்த சாமிகள் மலாயா முழுக்க உண்டு. நம் ஊரில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது, பிடிமண். குலதெய்வம் இருக்கிற இடத்தில் உத்தரவு கேட்டு, ஒரு கைப்பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் புது இடத்தில் வைத்துக் கோயில் எழுப்புவது. பஞ்சத்திலும் சண்டையிலும் ஊர் பெயர்ந்தவர்கள் காலங்காலமாகச் செய்தது. மண்ணோடு ஒட்டிய சாமி நகராது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நகர்த்த நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் உத்தரவு கேட்காமல் நகர்த்த மாட்டார்கள். பிடிமண்ணில் போன சாமிக்கும் தாய்க்கோயிலுக்கும் உறவு அறுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது மூலக் கோயிலுக்கு வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிற குடும்பங்கள் மதுரையைச் சுற்றி ஏராளம்.

தனித்தனியாகப் போனவர்கள் கட்டியது வேறு மாதிரிக் கோயில். அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கத்தில் பியர்லேண்டில் நம் மீனாட்சிக்கு ஒரு கோயில் இருக்கிறது. 1982ல் கும்பாபிஷேகம் ஆனது. அங்கே மீனாட்சியோடும் சுந்தரேசுவரரோடும் வெங்கடேசப் பெருமாளுக்கும் பெரிய சந்நிதி. மதுரையில் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்றால் கூடலழகர் கோயிலுக்குத் தனியாக நடந்து போக வேண்டும். அங்கே தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் சேர்ந்து பணம் போட்டுக் கட்டினார்கள், ஆகவே எல்லோர் சாமியும் ஒரே கூரையின் கீழ் வந்தாக வேண்டும். திருவிழாவும் பல சமயம் சனி, ஞாயிறுக்கு நகர்ந்துவிடும், வேலைநாளில் யார் வர முடியும்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தூர தேசத்தில் குழந்தைகளுக்கு ஒரு கோயிலைக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு சாதாரணமானதில்லை.

ஆனால் மதுரை மீனாட்சியின் எந்தப் பகுதி போகவில்லை என்றும் பார்க்க வேண்டும். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதத்தின் பெயரில் தெருவே அமைந்த ஊர் இது. அழகர் மலையிலிருந்து இறங்கி வந்து திரும்புகிற வரைக்கும் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள், அழகர் நின்று மரியாதை ஏற்கிற இடங்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ தொழிலுக்கோ சாதிக்கோ உள்ள உரிமை. வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் அழகர் தங்குகிறார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். நேரலையில் உலகம் முழுக்க அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கலாம். மண்டகப்படியை நேரலையில் அனுப்ப முடியாது. அது தெருவோடும் உறவோடும் உரிமைச் சண்டையோடும் சேர்ந்தது.

போனது அங்கேயே நிற்பதும் இல்லை, திரும்பி வருகிறது. கோலாலம்பூர் பக்கம் பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை 1891ல் முருகனை வைத்தார். அடுத்த வருஷத்திலிருந்து தைப்பூசம். பழநிக்குக் காவடி எடுத்த பழக்கம் அங்கே போய்ப் பல லட்சம் பேர் கூடுகிற விழாவானது. 2006ல் அங்கே 140 அடி முருகன் சிலை எழுந்தது, செய்தவர் திருவாரூர்ச் சிற்பி. 2022ல் சேலம் மாவட்டத்தில் 146 அடியில் முத்துமலை முருகன் எழுந்தார், அதே சிற்பியின் கை. மலைமேல் சின்ன மூலவராக, ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியவராக இருந்த முருகன், நெடுஞ்சாலையில் போகிற காரிலிருந்தே தெரிகிற முருகனாக ஊருக்குத் திரும்பியிருக்கிறார். இனி இன்னும் பல ஊர்களில் இதைவிட உயரமாக வைப்பார்கள். உயரம் என்று ஒரு அளவுகோல் வந்துவிட்டால் எந்த ஊரும் எந்த ஊரோடும் போட்டி போடலாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைத் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் பாருங்கள். முனியாண்டி விலாஸ் என்ற பெயர்ப் பலகையை எத்தனை ஊரில் பார்த்திருப்பீர்கள்! அத்தனைக்கும் மூலம் வடக்கம்பட்டி முனியாண்டி சாமி. அந்த ஊர் சுப்பா நாயுடு 1937ல் காரைக்குடியில் முதல் கடையைப் போட்டார். அவரைப் பார்த்துச் சொந்தபந்தங்களும் ஊர்க்காரர்களும் போட்டார்கள். தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஒவ்வொரு நாளும் முதல் வாடிக்கையாளர் கொடுக்கிற பணத்தைத் தனியாக எடுத்துச் சாமிக்கு என்று வைப்பது அவர்கள் வழக்கம். வருஷம் முழுக்க அப்படிச் சேர்ந்த பணம் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறது. தை மாதத்தில் நாயுடு சமூகத்தாரும், மாசியில் ரெட்டியார் சமூகத்தாரும் விழா எடுக்கிறார்கள். கடையை அடைத்துவிட்டு முதலாளிகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். நேர்ந்துவிட்ட கிடாய்களை வெட்டி, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். விடிவதற்குள் சாமிக்குப் படைத்துவிட்டு, காலையிலேயே வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுப்பார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. பாத்திரம் கொண்டு வந்தால் வீட்டுக்கும் வாங்கிப் போகலாம்.

நான் இதில் கவனிப்பது, பணம் நூறு ஊர்களில் சம்பாதிக்கப்பட்டாலும் விழாவின் முடிவு வடக்கம்பட்டியில்தான் எடுக்கப்படுகிறது. சைவமாக்கு, கோபுரம் எழுப்பு, ஐயரை வைத்து ஹோமம் செய் என்று எந்தக் கிளைக்கடைக்காரரும் உத்தரவு போடவில்லை. வெளியே போனவர்கள் சாமியின் பெயரைக் கொண்டுபோனார்கள், சாமியின் சட்டத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. கடந்த 30 வருஷத்தில் மதுரையைச் சுற்றிக் கிராமக் கோயில்கள் மாறியிருக்கிற விதத்தைப் பார்த்து எனக்கு மனது கனத்துப் போகிறது. வெட்டவெளியில் அரிவாளோடு நின்ற கருப்பசாமிக்குக் கூரை, ஓடு, கிரானைட் தரை, கம்பிக்கதவு. மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டு ஆட்கள் பிடிமண் வாங்கி, விரதமிருந்து, சூளை போட்டுச் செய்து கொடுத்த மண்குதிரைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு தடவை செய்து பெயிண்ட் அடித்த சிமெண்ட் குதிரை. சிமெண்ட் குதிரை வந்த ஊரில், மண்குதிரைகளை ஊர்வலமாக எடுத்துப் போகிற புரவியெடுப்பு நின்றுவிடும். ஏனென்றால் எடுத்துக்கொண்டு போவதற்குக் குதிரை இல்லை. வேளாருக்கு வேலையும் இல்லை, மரியாதையும் இல்லை. பணம் கொடுத்தவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒரு நல்ல பையன். சாமிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த ஒரு பங்காளிக் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். அந்தச் சாமிக்கு மேற்கூரை ஆகாது. வெயிலும் மழையும் மேலே பட வேண்டும் என்பது சாமி வாக்கு. சிங்கப்பூரில் இருந்த பங்காளிகள் நல்ல தொகை சேர்த்துவிட்டு, மண்டபமும் விமானமும் கட்டலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் வரைபடம் போட்டார்கள். குழுவில் பெரும்பாலானவர்கள் கைகூப்பிய படத்தைப் போட்டுவிட்டார்கள், முடிந்தது என்றே நினைத்தார்கள். ஊரில் இருந்த பெரியவர் பூசாரி மட்டும், "குழுவுல சரின்னு வந்துருச்சு, சரி. சாமிகிட்ட கேட்டீகளாப்பா?" என்றார். அப்புறம் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இலையில் மடித்து நூல் சுற்றி, இரண்டும் ஒன்று போல. சாமி பீடத்தில் போட்டுவிட்டு விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். சிங்கப்பூர்ப் பங்காளிகள் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் போனைப் பீடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால், கட்டக் கூடாது என்று வைத்த பூ. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அவர்களே, சரி, சாமி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லி, அதே பணத்தில் பொங்கல் வைக்க வருகிறவர்களுக்கு ஆழ்துளைக் கிணறும், பெண்களுக்குக் கழிப்பறையும், தள்ளி ஒரு சமையல் கொட்டகையும் போட்டார்கள். சாமி இன்றும் வெயிலில்தான் நிற்கிறது.

கோடாங்கி, சாமியாடி வாக்கு, பூக்கட்டிப் பார்த்தல், கூட்டம் போட்டுப் பேசுதல் எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்றோ பழசு என்றோ தள்ளிவிடுகிறோம். அவை ஊரின் முடிவெடுக்கும் முறைகள். பணக்காரப் பங்காளியின் வாயையும் அடைக்கிற பலம் அவற்றுக்கு உண்டு. அதே முறைகள் பெண்களை வெளியே நிறுத்தவும், கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தூர நிற்க வைக்கவும் பயன்பட்டிருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தபோது, ஊர் வழக்கம் என்பது அவர்களுக்கு எதிராகத்தான் நின்றது. அவர்களுக்குத் துணையாக வந்தது ஊருக்கு வெளியே நாடு முழுக்க ஓடிய ஓர் இயக்கம். ஆகவே வெளியிலிருந்து வருகிற முடிவு எல்லாம் கெடுதல், ஊர் முடிவு எல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். யாரைக் கேட்காமல் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்கிறேன்.

இந்த அழுத்தம் எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் இல்லை. வளைகுடா வேலைக்குப் போய் வந்த முஸ்லிம் இளைஞர்கள் சிலருக்குச் சந்தனக்கூடும் தர்கா ஃபாத்திஹாவும் மார்க்கத்தில் சேராதவையாகத் தெரிகின்றன. தாத்தா கொடி ஏற்றிய தர்காவுக்குப் பேரன் போக மறுக்கிறான். தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் வருகிற பெந்தெகொஸ்தே போதனை, பங்குக் கோயில் சப்பரத் திருவிழாவைச் சிலை வணக்கம் என்கிறது. கிடா வெட்டும் சாராயப் படையலும் இந்து மதத்துக்கு இழுக்கு என்று நம் பக்கத்திலும் ஒரு குரல் ஏறிக்கொண்டே வருகிறது. மூன்று பேரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்ப்பவர்கள். ஆனால் மூவருமே, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கிற, நூலில் எழுதி வைத்த, சுத்தமான ஒரு மதத்தைக் கேட்கிறார்கள். தர்கா வாசலில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ள நிற்கிற இந்து அம்மாவுக்கு அதில் இடம் இல்லை. எனக்கு இழப்பாகத் தெரிவது அந்த அம்மா நின்ற இடம்தான்.

மதுரை மல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. விடியற்காலையில் மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடைத்து விமானம் ஏறுகிறது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் அங்குள்ள சாமிகளுக்கும் கல்யாணங்களுக்கும் ஆகிறது. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறினால் மீனாட்சிக்கு மாலை கட்டுகிற சின்னப் பூக்கடைக்காரர் திணறிப் போவார். விலை ஏறினால் விவசாயிக்கு நல்லது என்பதும் உண்மை. கடல் தாண்டிப் போன சாமிகளும் மதுரை விவசாயியின் மகளைப் படிக்க வைக்கிறார்கள்.

கடைசியாக அரிட்டாபட்டி. உங்கள் பாடத்தில் இதைச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். மேலூர்ப் பக்கம் இருக்கிற அந்தக் கிராமத்தின் மலைகளில் சமணர் படுக்கை இருக்கிறது, தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, மகாவீரர் சிற்பமும் வட்டெழுத்தும் இருக்கின்றன. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயிலில் லகுலீசர் சிற்பம் இருக்கிறது. லகுலீசர் குஜராத்துப் பக்கம் தோன்றிய பாசுபத சைவத்தின் குரு. கூடவே ஊர்ச் சாமிகள், சுனைகள், கண்மாய்கள், வல்லூறுகள். 2022 நவம்பரில் தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஹிந்துஸ்தான் ஜிங்க் எடுத்ததாக மத்திய அரசு அறிவித்தது. வெட்டுக்கருவிக்கும் ஆயுதத்துக்கும் மின்னணுப் பொருளுக்கும் உலகம் முழுக்கத் தேவைப்படுகிற உலோகம் டங்ஸ்டன். மலை யாருடையது என்று யாரும் ஊரில் வந்து கேட்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் எழுந்தது எப்படி என்று கவனியுங்கள். சுற்றுச்சூழல் அறிக்கை பேசினார்கள், பல்லுயிர்ச் சட்டம் பேசினார்கள், அதோடு சாமியையும் பேசினார்கள். எங்கள் மலை எங்கள் சாமி, இதில் மரம் வெட்டவே நாங்கள் யோசிப்போம் என்றார்கள். கோயில் முன்னால் கூடினார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். டிசம்பர் 9ல் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7ல் மேலூர்ப் பக்கத்து ஊர்கள் திரண்டு மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்தை நோக்கி நடந்தன, மேலூரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஜனவரி 23ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

உலகமயத்துக்கு எதிர்வினையாக மதம் இறுகும் என்று உங்கள் பாடம் சொல்கிறதே, அரிட்டாபட்டியில் சாமி இறுகவில்லை. சமணமும் பாசுபதமும் வெளியிலிருந்து வந்து தங்கிய அதே மலையைத்தான், அந்த மதங்களை இன்று கும்பிடாத ஜனங்கள் தங்கள் சாமியின் மலையாக நினைத்துக் காத்தார்கள். வந்த மதத்துக்கு இடம் கொடுத்த மலை. தோண்ட வந்தவர்களுக்கு இடம் கொடுக்க முடியாது என்று அங்கே வாழ்கிறவர்கள் சொன்னார்கள்.

நீங்கள் உசிலம்பட்டிக்காரர் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். மகாசிவராத்திரிக்குப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்குச் சாமிப் பெட்டி எடுத்துக்கொண்டு போகிற கூட்டத்தோடு நீங்களும் நடந்து போங்கள். பெட்டி எந்த வரிசையில் போக வேண்டும், யார் தூக்க வேண்டும் என்பதை யார் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் பங்காளிக் கோயிலின் கடைசி 20 வருஷ வரவு செலவு நோட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த வருஷத்திலிருந்து வெளிநாட்டுப் பணம் வருகிறது, அந்தப் பணத்தில் என்ன கட்டினார்கள், கட்டுவதற்கு முன்னால் கூட்டம் போட்டார்களா, உத்தரவு கேட்டார்களா, அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்தார்களா என்று வருஷவாரியாக எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம்.